ஃபியஸ்டா எஸ்டியா, போலோ ஜிடிஐயா, மினி கூப்பர் எஸ்ஸா?

ஃபோர்டின் ஃபியஸ்டா எஸ்டி, ஃபோக்ஸ்வாகனின் போலோ ஜிடிஐ, பிஎம்டபிள்யூவின் மினி கூப்பர் எஸ் மூன்றும் சின்ன, வேகமான கார்கள். இருநூறு குதிரைத்திறனை ஒட்டிய டர்போ எஞ்சின், முன்சக்கர இயக்கம், நான்கு மீட்டரை ஒட்டிய நீளம். காகிதத்தில் மூன்றும் ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கின்றன. ஃபியஸ்டா எஸ்டியின் கடைசித் தலைமுறை 2018-இல் வந்தது. ஜெர்மனியின் கொலோன் ஆலையில் ஃபியஸ்டா தயாரிப்பே 2023 ஜூலையில் நின்றுவிட்டது. எஃப்56 என்ற குறியீடு கொண்ட மினி 2014-இல் தொடங்கி 2024-இல் முடிந்தது. எனவே இந்த இரண்டும் இனி செகண்ட் ஹேண்டில் மட்டும்தான். போலோ ஜிடிஐயிலும் கை மாறி வரும் வண்டிகள்தான் பெரும்பாலானவர்களின் கணக்கில் இருக்கும்.

மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாமல் திணறுபவர்கள் பெரும்பாலும் 0-லிருந்து 100 கிமீ வேகத்தை எட்டும் நேரத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். 6.5 விநாடியா, 6.8 விநாடியா என்று பார்ப்பதில் பயனே இல்லை. டயர் கொஞ்சம் பழசாக இருந்தால், ரோடு கொஞ்சம் ஈரமாக இருந்தால், கிளட்சை விடும் கால் கொஞ்சம் தடுமாறினால் அந்த வித்தியாசம் காணாமல் போய்விடும். இந்த மூன்றையும் பிரிப்பவை வேறு.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, எஞ்சினின் இழுவை எந்த வழியாகத் தரையைச் சேர்கிறது என்பது. 200 குதிரையையும் ஸ்டீயரிங்கையும் ஒரே ஜோடிச் சக்கரங்கள் சுமக்கும்போது திருப்பத்தில் உள்பக்கச் சக்கரம் இலகுவாகிச் சுற்றத் தொடங்கும். எஞ்சினின் டார்க்கை, அதாவது திருப்பு விசையை, இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதிதான் டிஃபரன்ஷியல். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கமும் சம அளவு டார்க்கைத்தான் தரும். உள்சக்கரம் பிடிமானம் இல்லாமல் சுற்றினால் வெளிச்சக்கரத்துக்கும் அந்தக் கொஞ்ச டார்க்தான் கிடைக்கும். இதற்கு இரண்டு மருந்துகள் உண்டு. ஒன்று, சுற்றும் சக்கரத்தை பிரேக்கால் பிடித்து நிறுத்துவது. இன்னொன்று, பல்சக்கரங்களைக் கொண்டே பிடிமானம் உள்ள சக்கரத்துக்கு டார்க்கை அதிகமாகத் தள்ளும் மெக்கானிக்கல் எல்எஸ்டி (லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்). வண்டியின் குணத்தை வேறெதையும்விட அதிகமாக மாற்றுவது இதுதான்.

இரண்டாவது கியர்பாக்ஸ். மூன்றாவது, மேடு பள்ளத்தில் வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்பது. நான்காவது, பின்சீட்டும் டிக்கியும். ஐந்தாவது, வாங்கிய பிறகு மெல்ல மெல்ல வெளிவரும் செலவு. இந்த வரிசை உங்களுக்குப் பொருந்தவில்லை என்றால் மாற்றிக்கொள்ளுங்கள். குழந்தை இருக்கை பொருத்த வேண்டியவருக்கு நான்காவதுதான் முதலாவது.

| | ஃபியஸ்டா எஸ்டி | போலோ ஜிடிஐ | மினி கூப்பர் எஸ் (எஃப்56) |
|---|---|---|---|
| எஞ்சின் | 1.5 லிட்டர், 3 சிலிண்டர் | 2.0 லிட்டர், 4 சிலிண்டர் | 2.0 லிட்டர், 4 சிலிண்டர் |
| திறன் (பிஎஸ் = மெட்ரிக் குதிரைத்திறன்) | 200 பிஎஸ் | 200 பிஎஸ். 2021 புதுப்பிப்பில் 207 | 192 பிஎஸ். ஐரோப்பாவில் கடைசி ஆண்டுகளில் 178 |
| டார்க் (நியூட்டன் மீட்டர்) | 290. 2022 மாடலில் 320 | 320 | 280 |
| கியர் | 6 கியர் மேனுவல் மட்டும் | 6 கியர் டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்). புதுப்பிப்பில் 7 | 6 கியர் மேனுவல் அல்லது ஆட்டோமேட்டிக் |
| 0–100 கிமீ | 6.5 விநாடி | 6.7, புதுப்பிப்பில் 6.5 | 6.8 (மேனுவல், 192 பிஎஸ்) |
| உச்ச வேகம் (மணிக்கு) | 232 கிமீ | 237. புதுப்பிப்பில் 240 | 235 கிமீ (மேனுவல், 192 பிஎஸ்) |
| டிஃபரன்ஷியல் | மெக்கானிக்கல் எல்எஸ்டி, கூடுதல் பணத்துக்கு | பிரேக் வழி | பிரேக் வழி |
| பின் சஸ்பென்ஷன் | டார்ஷன் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒரே உத்தரம்) | டார்ஷன் பீம் | மல்டி-லிங்க் (ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித் தாங்கிகள்) |
| டிக்கி | சுமார் 300 லிட்டர் | 305 லிட்டர் | 211 லிட்டர் |
| கதவு | 3 அல்லது 5 | 5 | 3 |

எடையைப் பட்டியலில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. சில அட்டவணைகள் ஓட்டுநருக்கான 75 கிலோவைச் சேர்த்து எழுதும், சில சேர்க்காது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுபவர்கள் ஏமாறுகிறார்கள். போலோ ஃபியஸ்டாவைவிடச் சுமார் நூறு கிலோ கனம், மினி இரண்டையும்விடச் சற்று இலகு என்று வைத்துக்கொண்டால் போதும்.

## ஃபியஸ்டா எஸ்டி

மூன்றில் ஓட்டுபவரிடம் அதிகம் பேசும் வண்டி இது. ஸ்டீயரிங் விகிதம் 12:1. ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு இரண்டே சுற்று. நகரத்தில் இந்த வேகம் முதல் வாரம் கொஞ்சம் பதற்றமாக இருக்கும், பிறகு மற்ற வண்டிகள் சோம்பலாகத் தெரியும்.

வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி "பெர்ஃபார்மன்ஸ் பேக் இருக்கிறதா?" என்பதுதான். கியர் வகை எல்எஸ்டி அந்தத் தொகுப்போடுதான் வரும். குவைஃப் நிறுவனத்தின் தயாரிப்பு. உள்ளே தேயும் கிளட்ச் தகடுகள் கிடையாது, அதனால் தனிப் பராமரிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. விளம்பரத்தில் "எஸ்டி" என்று மட்டும் போட்டிருந்தால் நம்பிவிடாதீர்கள். அதே தொகுப்பில், நின்ற இடத்திலிருந்து வேகமாகக் கிளம்ப உதவும் லாஞ்ச் கன்ட்ரோலும், கியர் மாற்றச் சொல்லும் விளக்கும் சேர்ந்து வரும். மீட்டர் மெனுவில் லாஞ்ச் கன்ட்ரோல் இருந்தால் எல்எஸ்டியும் இருக்கும் என்று கொள்ளலாம். தொகுப்பு இல்லாத எஸ்டி மோசமான வண்டி அல்ல, ஆனால் இறுக்கமான திருப்பத்திலிருந்து இரண்டாம் கியரில் வெளியேறும்போது வித்தியாசம் பளிச்சென்று தெரியும். எல்எஸ்டிக்கும் ஒரு விலை உண்டு: ஒரு பக்கம் சரிந்த, தடம் விழுந்த ரோட்டில் முழுதாக மிதித்தால் ஸ்டீயரிங் கையை இழுக்கும். இரண்டு கையாலும் பிடிப்பவருக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

பின்பக்கம் வெறும் டார்ஷன் பீம்தான். அதில் ஃபோர்டு செய்த வேலை சுவாரசியமானது. பின் ஸ்பிரிங்குகள் நேராக அல்லாமல் வளைந்து சுற்றப்பட்டவை. திருப்பத்தில் பின் அச்சைப் பக்கவாட்டில் தாங்கும் விசையை அந்த வளைவே தருகிறது. அதே வேலைக்கு வாட்ஸ் லிங்க் என்ற கம்பி அமைப்பைப் பொருத்துவதைவிட 10 கிலோ மிச்சம் என்பது ஃபோர்டு சொன்ன கணக்கு. நடைமுறையில் இதற்கு என்ன பொருள்? இடது ஸ்பிரிங்கை வலப்பக்கம் போட முடியாது. வண்டியைத் தாழ்த்துவதற்காகச் சாதாரண நேர் ஸ்பிரிங் போட்டிருந்தால் அந்தக் குணம் போயே போய்விட்டது. தாழ்த்திய எஸ்டியைப் பார்த்தால் பழைய ஸ்பிரிங்குகளையும் சேர்த்துத் தருவார்களா என்று கேளுங்கள்.

எஞ்சின் இலகுவான வேலையில் இருக்கும்போது மூன்றில் ஒரு சிலிண்டரை நிறுத்திக்கொள்ளும். நிறுத்தவும் தொடங்கவும் 14 மில்லி விநாடிதான், காலுக்குத் தெரியாது. பெட்ரோல் இன்டேக் போர்ட்டிலும் சிலிண்டருக்குள்ளும் என இரண்டு இடத்தில் பாய்கிறது. அதனால் வால்வின் முதுகில் கரி படியும் தொல்லை, சிலிண்டருக்குள் மட்டும் பாய்ச்சும் எஞ்சின்களைவிட இதில் குறைவு.

கவனிக்க வேண்டியது டைமிங் பெல்ட். அது ஆயிலில் நனைந்தபடியே ஓடுகிறது. மேனுவலில் சொன்ன தரத்தில் இல்லாத ஆயிலை ஊற்றினாலோ, ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போட்டாலோ ரப்பர் ஊறிப் பிசிறத் தொடங்கும். பிசிறு ஆயில் பம்பின் சல்லடையை அடைத்தால் எஞ்சினுக்கு ஆயில் அழுத்தம் குறையும். கதை அங்கேயே முடிந்துவிடலாம். "எஞ்சின் ஆயில் மாற்றினோம்" என்ற வாய்ச்சொல் இங்கே போதாது. எந்த ஆயில் என்று எழுதிய ரசீது வேண்டும்.

சஸ்பென்ஷன் இறுக்கம். ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் டேம்பரை மென்மையாக்க எந்தப் பொத்தானும் இல்லை. நார்மல், ஸ்போர்ட், டிராக் என்று மூன்று மோடுகள் இருந்தாலும் அவை எஞ்சின், ஸ்டீயரிங், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், எக்ஸாஸ்ட் சத்தம் ஆகியவற்றைத்தான் மாற்றும். சக்கரங்களுக்கிடையே 2493 மிமீதான், பள்ளத்தில் வண்டி குதிக்கும். ரெக்காரோ சீட்டின் பக்க மேடுகள் அகலமான உடம்பைக் கவ்வும். பத்து நிமிடம் உட்கார்ந்து பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

## போலோ ஜிடிஐ

எஞ்சின் கோல்ஃப் ஜிடிஐ வகையறாவின் ஈஏ888 குடும்பம். பெரிய வண்டியின் எஞ்சின், சின்ன வண்டியில். 320 நியூட்டன் மீட்டர் டார்க் நிமிடத்துக்கு 1500 சுற்றிலேயே கிடைத்துவிடும். நெடுஞ்சாலையில் 80-லிருந்து 120-க்குப் போகும்போது மூன்றில் மிகக் குறைந்த மெனக்கெடலோடு போவது இதுதான். டிஎஸ்ஜி தானே கியரை இறக்கிக்கொள்ளும். அட்டவணையில் சொன்ன நேரத்தை யார் ஓட்டினாலும் கிட்டத்தட்ட எடுத்துவிடலாம், ஃபியஸ்டாவில் அதற்குக் கைப்பழக்கம் வேண்டும்.

டிஃபரன்ஷியல் விஷயத்தில் இது பின்தங்குகிறது. இதில் இருக்கும் எக்ஸ்டிஎஸ் என்பது எல்எஸ்டி அல்ல. திருப்பத்தில் உள்சக்கரத்தை முன்கூட்டியே லேசாக பிரேக் பிடிக்கும் மென்பொருள். சாதாரண ரோட்டில் நன்றாகவே வேலை செய்கிறது. மலைப்பாதையில் அரை மணி நேரம் விடாமல் விரட்டினால் முன் பிரேக் சூடாகி, பேடும் சீக்கிரம் தேயும். வேகமெடுக்கும்போதும் பிரேக் உழைக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

சஸ்பென்ஷனில் சில வண்டிகளுக்கு நார்மல், ஸ்போர்ட் என இரு நிலை டேம்பர் உண்டு. அது இருக்கும் வண்டி கிடைத்தால் தினசரிக்கு ஃபியஸ்டாவைவிடத் தெளிவாக மென்மை. 18 அங்குலத்தைவிட 17 அங்குலச் சக்கரம் (215/45 ஆர்17) இந்த வண்டிக்குப் பொருத்தம்.

டிஎஸ்ஜி பற்றிப் பொதுவாகப் பரவிய பயம் பெரும்பாலும் உலர் கிளட்ச் கொண்ட 7 கியர் வகையைப் பற்றியது. போலோ ஜிடிஐயில் இருப்பது ஆயிலில் மூழ்கிய கிளட்ச். புதுப்பிப்புக்கு முன் வந்த 6 கியர் பெட்டிக்கு 60,000 கிமீக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். சுமார் 5 லிட்டர் போகும். அளவு பார்ப்பதிலும் ஒரு நுணுக்கம்: எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஆயிலின் வெப்பம் 35 முதல் 45 டிகிரிக்குள் இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். வெப்பத்தைக் கணினியில் பார்க்காமல் கண்மதிப்பில் ஊற்றும் ஒர்க்‌ஷாப் என்றால் வேறு இடம் பாருங்கள்.

எஞ்சினில் வழக்கமாக ஒழுகுவது வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்த பிளாஸ்டிக் உறை. கூலன்ட் அளவு மெல்ல இறங்குவது, எஞ்சின் ஓரத்தில் இளஞ்சிவப்புப் படிவு, ஓட்டி நிறுத்திய பிறகு இனிப்பு வாசனை ஆகியவை அடையாளம். உதிரிப்பாகத்தைவிட அதை எட்டிப் பிடிக்கும் கூலிதான் அதிகம்.

உள்ளே ஒரு குறை. 2021 புதுப்பிப்புக்குப் பின் ஏசிக்குத் தொடுபலகை வந்துவிட்டது. ரோட்டைப் பார்த்துக்கொண்டே திருகிய குமிழ் போய், விரல் வைத்த இடத்தைக் கண்ணால் தேட வேண்டியதாகிவிட்டது. இது மேம்பாடு என்று எப்படி முடிவெடுத்தார்களோ.

## மினி கூப்பர் எஸ்

மூன்றில் பின்பக்கம் மல்டி-லிங்க் கொண்டது இது ஒன்றுதான். திருப்பத்தின் நடுவே ஒரு பள்ளம் வந்தால் பின்சக்கரங்கள் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் ஏறி இறங்கும். அப்படியிருந்தும் மினி தூக்கிப்போடுகிறது என்று குறை சொல்வார்கள். பாதிக் குற்றம் ரன்-ஃப்ளாட் டயருடையது. காற்று இல்லாமலும் எடையைத் தாங்க அதன் பக்கச்சுவர் தடித்திருக்கும். அது சின்னச் சின்ன மேடுகளைக்கூட அப்படியே உள்ளே அனுப்பும். சாதாரண டயருக்கு மாறினால் வண்டியே வேறு மாதிரி ஆகிவிடும். ஆனால் ஸ்டெப்னி கிடையாது என்பதால் காற்றுப் பம்பும் பஞ்சர் திரவமும் டிக்கியில் இருந்தே ஆக வேண்டும்.

எஞ்சின் பிஎம்டபிள்யூவின் பி48. பழைய மினிகளின் எஞ்சின் கெட்ட பெயரை இதன் தலையில் கட்டக் கூடாது. இது உறுதியானது. ஆயில் ஃபில்டர் தாங்கியின் கேஸ்கெட்டில் கசிவதும் தெர்மோஸ்டாட் பக்கம் கூலன்ட் கசிவதும்தான் வழக்கமானவை. டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. அதில் வேலை வந்தால் கூலி பெரிது, எனவே ஆயில் மாற்றத்தை இங்கேயும் தள்ளிப்போட முடியாது. பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் மட்டும் பாய்வதால், நாளடைவில் வால்வில் கரி படியக் கூடும்.

கியர்பாக்ஸைப் பொறுத்தவரை ஆண்டைப் பாருங்கள். 2018 புதுப்பிப்புக்கு முன் வந்த ஆட்டோமேட்டிக், டார்க் கன்வர்ட்டர் கொண்ட 6 கியர் பெட்டி. அதன்பின் 7 கியர் இரட்டை கிளட்ச். மென்மைக்குப் பழையது, சுறுசுறுப்புக்குப் புதியது. மேனுவல் வேண்டும் என்பவர் எஃப்56-ஐத்தான் தேட வேண்டும், 2024-இல் வந்த அடுத்த தலைமுறையில் மேனுவலே கிடையாது.

ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்களுக்கு: எஃப்56-இல் ஆண்ட்ராய்டு ஆட்டோ வேலை செய்யாது. கார்பிளே உண்டா என்பதும் அந்த வண்டியில் எந்தத் திரை போட்டார்கள் என்பதைப் பொறுத்தது.

211 லிட்டர் டிக்கியில் இரண்டு கைப்பெட்டிகள்தான் அடங்கும். பின்சீட்டு பெரியவர்களுக்கு அரை மணி நேரப் பயணம் வரை சரி. ஐந்து கதவு மினி (எஃப்55) சக்கர இடைவெளியில் 72 மிமீ கூடுதல், டிக்கியும் 278 லிட்டர். அதைச் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த ஒப்பீட்டில் மினிக்குக் குடும்பக்காரர்களிடம் இடம் உண்டு.

## விலைச்சீட்டில் இல்லாத செலவு

டயர் முதலில். மூன்றிலும் முன் டயர்கள்தான் இழுக்கின்றன, திருப்புகின்றன, பிரேக்கின் பெரும்பங்கையும் தாங்குகின்றன. பின் டயர் பாதி தேய்வதற்குள் முன் டயர் முடிந்துவிடும். நல்ல டயரை எடுத்துவிட்டு விற்பதற்காக மலிவு டயர் மாட்டிய வண்டிகள் நிறைய. அதில் சோதனை ஓட்டம் செய்தால் வண்டியின் குணமே தெரியாது. நான்கும் ஒரே பிராண்டா, தயாரித்த வாரமும் ஆண்டும் என்ன என்று பக்கச்சுவரில் பாருங்கள். மினியில் ரன்-ஃப்ளாட்டுக்கு விலை கூடுதல், பஞ்சரானால் ஒட்டித் தரவும் பல கடைகள் மறுக்கும்.

பெட்ரோல் துகள் வடிகட்டி அடுத்தது. 2018-க்குப் பிந்தைய ஐரோப்பிய வண்டிகளில் இது இருக்கும். தினமும் மூன்று கிலோமீட்டர் போய் நிறுத்துபவர்களிடம் எக்ஸாஸ்ட் சூடாவதே இல்லை, படிந்த கரியும் எரிவதில்லை. வாரம் ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் இருபது நிமிடம் ஓட விடுங்கள்.

டியூனிங் மறைந்திருக்கும் செலவுகளில் பெரியது. போலோவின் 2.0 எஞ்சின் மென்பொருள் மாற்றத்துக்கு எளிதில் மசியும், அதனால் ரீமேப் செய்த வண்டிகள் சந்தையில் உலவுகின்றன. விற்கும் முன் பழைய மென்பொருளை மீண்டும் ஏற்றிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. மாற்றிய ஏர் ஃபில்டர் பெட்டியின் திருகுத் தழும்பு, வேறு நிற ஸ்பார்க் பிளக், புதிதாக மாட்டிய எக்ஸாஸ்ட் கிளாம்ப் ஆகியவை துப்புக் கொடுக்கும். காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாத மாற்றம் விபத்து நாளில் உங்கள் தலையில் விழும். காப்பீட்டுத் தொகையையும் வண்டி எண்ணைக் கொடுத்து முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

## எது யாருக்கு

வளைந்த ரோட்டுக்காகவே வண்டி வாங்குகிறீர்கள், கியர் போடுவது வேலை அல்ல விளையாட்டு என்று நினைக்கிறீர்கள், பெரும்பாலும் ஒருவரோ இருவரோதான் போவீர்கள்: எல்எஸ்டி உள்ள ஃபியஸ்டா. எல்எஸ்டி இல்லாத ஃபியஸ்டா விலையில் கணிசமாகக் குறைந்தால் மட்டும்.

வாரத்தில் ஐந்து நாள் நெரிசல், மாதத்தில் இரண்டு முறை நெடுந்தூரம், பின்னால் இருவர் உட்காருவார்கள், வீட்டில் இன்னொருவரும் ஓட்டுவார்: போலோ. டிஎஸ்ஜி ஆயில் மாற்றிய ரசீது இல்லாத போலோவைவிட, ரசீது உள்ள, அதிகம் ஓடிய போலோ நல்லது.

நகரத்துக்குள் இடுக்கில் நிறுத்த வேண்டும், உள்ளே தொட்டால் தரமாக இருக்க வேண்டும், மேனுவலும் வேண்டும் ஆனால் ஃபியஸ்டாவின் விறைப்பு வேண்டாம்: மினி, சாதாரண டயரோடு. 178 பிஎஸ் வண்டி என்பதற்காகத் தள்ளிவிட வேண்டாம், டார்க் அப்படியே இருப்பதால் தினசரியில் இழப்பு சிறிது.

ஃபியஸ்டா பிடித்தும் நல்ல வண்டி கிடைக்காதவர்கள் ஹூண்டாய் ஐ20 என்-ஐயும் பார்க்கலாம். துருக்கியின் இஸ்மித்தில் ஐரோப்பாவுக்காகச் செய்தது. 204 பிஎஸ், 6 கியர் மேனுவல், மெக்கானிக்கல் எல்எஸ்டி. பெயரில் "லைன்" ஒட்டிக்கொண்டிருக்கும் ஐ20 என் லைன் வேறு, அது தோற்றத்தில் மட்டும்தான் உறவு.

## பார்க்கப் போகும் நாளில்

எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஃபியஸ்டாவில் ஐந்தாம் கியரில் 1800 சுற்றில் முழுதாக மிதியுங்கள். வேகம் ஏறாமல் சுற்று மட்டும் எகிறினால் கிளட்ச் முடியப்போகிறது. போலோவில் சமதளத்தில் பிரேக்கை மெல்ல விட்டு ஊர்ந்து போக விடுங்கள், பிறகு சிறிய ஏற்றத்திலும் அதையே செய்யுங்கள். அதிர்வோ தட்டலோ இல்லாமல் ஒரே சீராக நகர வேண்டும். முன்னும் பின்னும் கியரை மாற்றும்போது இரண்டு விநாடிக்கு மேல் யோசித்தால் விட்டுவிடுங்கள். மினியில் டார்ச் அடித்து ஆயில் ஃபில்டர் தாங்கிக்குக் கீழே பாருங்கள். கண்ணாடிச் சட்டம் இல்லாத கதவு என்பதால், திறக்கும்போது கண்ணாடி சற்று இறங்கி மூடியதும் ஏறுகிறதா என்பதை இரண்டு பக்கமும் நான்கைந்து முறை சோதியுங்கள்.

ஓட்டி முடித்ததும் எஞ்சினை உடனே நிறுத்தாதீர்கள். ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு, வண்டிக்குக் கீழே ஒரு வெள்ளை அட்டையை விரித்து வைத்துவிட்டு, அந்த நேரத்தில் சர்வீஸ் ரசீதுகளைத் தேதி வாரியாக அடுக்கிப் படியுங்கள்.